ஒரே தொலைபேசியிலிருந்து போன நல்லபிப்பிராயங்கள்

இணையப் புத்தகக் கடையின் வாசகர் கருத்துப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

என் பெயர் மரியநாயகம் லூக்காஸ். பண்டாரவளையில் ஒரு பாடசாலையின் பிரதி அதிபர். பூனாகலைத் தோட்டத்துச் சிற்றாலயச் சபையின் செயலாளரும் நானே. என் தங்கை மகள் ஜெசிந்தினி எழுதிய ‘ஆறாம் நம்பர் மலைப் பூதம்’ என்னும் நூலைத் தாங்கள் விற்பனையிலிருந்து நீக்கியது தவறு என நிறுவி, அதனை மீளச் சேர்ப்பிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமென நம்புகிறேன். இங்கே விடாத மழை. அதைத் தவிர நாங்களும் நலம்.

மேற்படி நூல் கதைப் புத்தகமன்று, விதிநூல். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் நடத்துநராகக் கதையைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி விளையாடுவதற்கானது. ஜெசிந்தினி கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து எழுதிய முதல் நூல். நகரத்துப் புத்தகக் கடைக்காரர், “பரீட்சை வழிகாட்டி வைக்கவே எடமில்ல தங்கச்சி, இதுல பகடை வேறயா?” என்று திருப்பியனுப்பிவிட்டார். ஆகவே தங்கள் இணையப் பக்கம் ஒன்றே அவளுக்கு வாசல். அது அடைபட்டால் மறுபடி கொழும்புக்கே போய்விடுவேன் என்கிறாள். அவளுடைய தாய் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். ஏனெனில் வாசலை அடைத்தவன் நானென்று அவள் கருதுகிறாள்.

நடந்தது இதுதான். ஞாயிறு பூசைக்குப் பின் சபை மண்டபத்தில் நாங்கள் இவ்விளையாட்டை விளையாடி வருகிறோம். நடத்துநர் நான். விதிநூலை முழுமையாக வாசித்தவன் நான் ஒருவனே என்பதால் அப்பொறுப்பு இயல்பாக வந்து சேர்ந்தது. அப்படியொரு ஞாயிறு ஜெசிந்தினி எழுந்து, “புடிச்சிருந்தா கடைப் பக்கத்துல நாலு வார்த்தை எழுதுங்க, நட்சத்திரமும் போடுங்க” என்றாள். உடனே அனைவரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து லயக் குடியிருப்பிலிருந்து வரும், கொழுந்து பறிக்கும் இராக்கம்மாதான் எங்கள் மேசையில் மந்திரவாதி. அவர், “சேர் எழுதிட்டா நாங்க கையெழுத்துப் போட்டுர்றோம்” என்றார். ஐயா, இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. எங்கள் பக்கத்து வழக்கமே அது. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் பஸ் வராவிட்டாலும் மனு ஒன்று, எழுதுபவர் ஒருவர், கையொப்பம் எல்லோருடையதும். தனித்தனியே எழுதினால் எங்களுக்குள் ஒற்றுமையில்லை என்று அதிகாரிகள் நினைத்துவிடுவார்கள். ஆகவே நான் எழுதினேன்: ‘மேற்படி நூலை நாங்கள் பரிசீலித்தோம். அது திருப்திகரமாக உள்ளது. பொருளடக்கத்தில் பக்க எண் ஒன்று பிழையாதலால் ஒரு நட்சத்திரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ பிறகு பார்த்தால் தங்கள் பக்கத்தில் கையொப்பமிட இடமே இல்லை. ஓட்டோ ஓட்டும் றுஷாந்தன், “அதுக்கென்ன சேர், ஆளுக்கொரு கணக்குத் தொறந்து அதையே போட்டுருவோம்” என்று தன் தொலைபேசியை எடுத்தார். மண்டபத்தில் சிக்னல் பிடிப்பது அது மட்டுந்தான். வரிசையாக நின்று ஒவ்வொருவரும் பெயர் சொன்னார்கள், அவர் தட்டினார். நான் வரிசையை ஒழுங்குபடுத்தினேன்.

மறுநாளே, ‘ஒரே சாதனத்திலிருந்து ஒரே வாசகத்தில் போலிக் கருத்துகள், இத்தனை பேரும் சேர்ந்து வாங்கியதோ ஒரேயொரு பிரதி’ என்று தங்கள் அறிவித்தல் வந்தது, நூல் மறைந்தது. பிரதியைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஒரு மேசைக்கு ஒரு புத்தகமே போதும் என்று அந்நூலின் முன்னுரையே கூறுகிறது. தாங்கள் அதை வாசித்திருக்கலாம். போலி என்பதை நான் முற்றாக மறுக்கிறேன். இராக்கம்மா போலியல்லர், சந்தேகமிருந்தால் அவரோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள், பிறகு சந்தேகமே வராது.

ஆயினும், விதி விதிதான் என்பதால், அனைவரையும் தனித்தனியே எழுதித் தரும்படி பணித்தேன். அவற்றை இத்துடன் அனுப்புகிறேன். எழுத்துப்பிழைகளைத் தவிர வேறெதிலும் என் கை படவில்லை என உறுதிகூறுகிறேன். மாதிரிக்கு, இராக்கம்மாவின் கருத்து: ‘இவ்விளையாட்டு ஆழ்ந்த சிந்தனையைத் தூண்டுகிறது. நடத்துநர் விதிகளை நுணுக்கமாகப் பின்பற்றுவதால் அமைதி நிலவுகிறது.’ றுஷாந்தனுடையது: ‘நேரத்தின் அருமையை உணர்த்தும் நூல்.’ இவை வெவ்வேறு உள்ளங்களின் குரல்கள் என்பதைத் தங்களால் உணர முடியும்.

தங்கள் பணி சிறக்கவும், தங்கள் இல்லத்தில் சமாதானம் நிலைக்கவும் எங்கள் சபை மன்றாடும்.

தங்கள் உண்மையுள்ள,
ம. லூக்காஸ்

பி.கு.: அனுப்புமுன் இதனை ஜெசிந்தினிக்கு வாசித்துக் காட்டினேன். “மாமா, இராக்கம்மாக்கா எப்ப இருந்து ‘நுணுக்கமாக’ன்னு பேசுறாங்க? அவங்க எழுதிக் குடுத்தத எடுங்க” என்றாள். எடுத்தேன். அதில் உள்ளபடியே தருகிறேன்: ‘நான் மந்திரவாதி. பங்களாவுல இருக்குற பூதத்த வெரட்டப் போனோம். சேர் ஒவ்வொரு கதவுக்கும் பொஸ்தகத்தப் பொரட்டிப் பொரட்டி விதி பாக்குறாரு. நாங்க உள்ள போறதுக்குள்ள பூதமே தூங்கிப் போயிருக்கும். ஆனா நான் பறிக்கிறப்பவும் அடுத்து என்ன மந்திரம் போடலாம்னே நெனச்சிக்கிட்டு இருக்கேன். பொஸ்தகத்துக்கு அஞ்சு நட்சத்திரம். சேருக்கு ஒன்னு, பிளேன்ரீ ஊத்திக் குடுத்ததுக்கு.’ றுஷாந்தன் எழுதியிருந்தது: ‘சேர் ஒரு கதவத் தொறக்குறதுக்குள்ள நான் ஓட்டோவுல ஆள் ஏத்திக்கிட்டு பதுளைக்கு ஒரு ஹயர் போயிட்டு வந்துட்டேன். வந்தும் வெளையாட எடம் இருந்திச்சு. சூப்பர்.’

ஜெசிந்தினி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்துவிட்டாள். நூல் நீக்கப்பட்ட நாளுக்குப் பின் அவள் சிரித்தது இதுவே முதல் தடவை. “இதப் படிச்சா என் பொஸ்தகத்த நானே காசு குடுத்து வாங்குவேன் மாமா” என்றாள். உள்ளே அடுப்படியில் இருந்த என் தங்கை, “அண்ணன் கிட்ட சொல்லு, அத அப்பிடியே அனுப்பச் சொல்லி” என்றாள். என்னிடம் நேரே சொல்லவில்லையாயினும், சொன்னாள்.

ஆகவே மேலே எழுதியவற்றில் என் பெயரையும் நோக்கத்தையும் தவிர மற்றனைத்தையும் ரத்துச் செய்கிறேன். திருத்திய பிரதிகளைக் கிழித்துவிட்டேன். மூலக் கருத்துகள், பிழைகள் உட்பட, அவரவர் பிள்ளைகளின் தொலைபேசிகளிலிருந்து தனித்தனியே வரும். நிறுத்தி வைத்த என் நட்சத்திரத்தையும் விடுவித்துள்ளேன். இனி நான் மண்டபத்துக்குப் போய், நடத்துநர் பொறுப்பை இராக்கம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, பூதமாக விளையாடப் போகிறேன். பூதத்துக்கு விதிகள் மிகக் குறைவு என்பதை நூலில் சரிபார்த்துக்கொண்டேன்.