ஈரலுக்குக் காவல்

இனித் தன் ஈரலை நம்பியே வாழ்வதென்று உசனார் தீர்மானித்தார்.

ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கொழுப்பு. "ஈரலுக்குள்ள கப்ஃபர் எண்டு காவல் கலங்கள் இருக்கு. வாற குப்பையெல்லாம் விழுங்கிரும்," என்றார் டொக்டர். உசனாருக்கு அதுவே போதும். சீனியும் கொழுப்பும் மிஞ்சினால் அதே காவல்காரர் மூர்க்கங்கொண்டு ஈரலையே புண்ணாக்கிவிடுவார்கள் என்று டொக்டர் தொடர்ந்தபோது, உசனாரின் மனம் முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்துக்குப் போய்விட்டிருந்தது. பக்கத்தில் இருந்த மனைவி றஸீனா முழுவதையும் கேட்டாள். பயந்து போனாள். பயம் வந்தால் அவள் பேசமாட்டாள், ஏற்பாடு செய்வாள்.

மத்தியானம் தட்டில் குரக்கன் பிட்டும் பாவக்காயும் வந்தன.

"என்ன புள்ள இது?"

"சாப்பாடு."

"உள்ளுக்குக் காவல்காரர் இரிக்காங்க. வேல குடுக்காட்டிச் சும்மா படுத்துருவாங்க."

"படுக்கட்டும். இவ்வளவு காலமும் களைச்சிப் போயிரிப்பாங்க."

மாலையில் "நடக்கப் போறன்" என்று கிளம்பினார். றஸீனா மறுபேச்சில்லாமல் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

உசனார் ஏறாவூர்க்காரர். கலியாணம் முடித்து, வழக்கப்படி மனைவியின் வீட்டில் வாழக் காத்தான்குடிக்கு வந்தவர். ஆகவே அவர் உரிமையோடு எட்டிப்பார்க்கக்கூடிய குசினி எல்லாம் றஸீனாவின் தங்கைமாருடையவை. இதிலுள்ள ஆபத்து அவருக்கு உறைக்கவில்லை.

ஆத்தங்கரை வீட்டில் மூத்த தங்கை றபீக்கா கையைப் பிசைந்தாள். "வட்டிலப்பம் இப்பதான் முடிஞ்சிது மச்சான். அஸீமா வீட்டில அவிக்காங்க. கெதியாப் போங்க."

நடுத் தங்கை அஸீமாவின் வீடு கடற்கரைப் பக்கம். வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தார்.

"இஞ்ச இல்ல மச்சான். பாலமுனையில, ஆமினா வீட்டில."

பாலமுனையில் கடைசித் தங்கை ஆமினா, சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தாள். "நாளைக்குத்தான் மச்சான் வட்டிலப்பம். றபீக்கா வீட்டில."

மறுநாள் உசனார் இன்னும் வேகமாக நடந்தார். பிந்திப் போனதுதான் பிழை என்று நம்பினார். மூன்று மாதம் அப்படியே நம்பினார். சாரன் இடுப்பில் நிற்க மறுத்தது.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு அநேகமாகக் கரைந்திருந்தது. உசனார் வாசலில் நின்றே முழங்கினார்.

"பாத்தியா புள்ள? நான் அண்டைக்கே சொன்னன். காவல்காரர் வேல செஞ்சிரிக்காங்க!"

"ஓம், செஞ்சிரிக்காங்க," என்றாள் றஸீனா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு தொப்பியை நீட்டினாள். "உள்ளுக்கு எத்தின பேரோ, எனக்குத் தெரியா. வெளியில நாங்க நாலு பேர்."