வெட்டுப்பட்ட ரீலும் சிங்காரம் மாமனும்

குப்பனூரில் குடியிருக்கும் மச்சான் ஐயாக்கண்ணு அவர்களுக்கு, வாழவந்தி அங்கப்பன் கும்பிடு போட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் தங்கச்சி கண்ணம்மாள், மகள் சின்னத்தாயி மூவரும் சேர்வராயன் சாமி தயவில் சுகம். அவ்விடம் உங்கள் சுகம், அக்கா சுகம், என்னைக் கண்டாலே முட்ட வரும் உங்கள் எருமையின் சுகம் எல்லாம் அறிய ஆவல்.

சின்னத்தாயிக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாய்மாமன் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வராமல் தாலி ஏறாது என்று உங்கள் தங்கச்சி கண்டிசனாகச் சொல்லிவிட்டாள். நீங்களோ ரெண்டு வருசமா மலையேறறதே இல்லை. ஏன்னு எனக்குத் தெரியுமுங்க. நம்ம வீட்டுச் சீர் விசேசத்துக்கு எல்லாரும் தின்னு கையலம்பினதுக்கு அப்பறம் வந்து நின்னீங்க, நான் பந்தல் வாசல்லயே "வாங்க சிங்காரம் மாமா"ன்னேன், ஊரே கொல்லுனு சிரிச்சுது, அதிலிருந்து வாழவந்தியில உங்க பேரே சிங்காரம் ஆயிப்போச்சு. என்ன பண்றது, நம்ம உசுருப் படம் 'மருதாணிச் சீதன'த்துல அக்கா மக கல்யாணத்துக்கே வராம ஏமாத்தற மாமன் பேரு அதுதானுங்களே.

இப்பக் கேளுங்க மச்சான், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கேளுங்க. கல்யாணத் துணி எடுக்கச் சேலம் போன எடத்துல அதே படம் ஓடுது. உள்ள போனோம். ஏற்காடு டெண்டுக் கொட்டாயில நான் எத்தினி தடவை பாத்த படம்! ஆனா படத்துல கல்யாண சீனுக்கு அப்பறம் நான் பாக்காத சீன் ஒண்ணு வருதுங்க! சிங்காரம் மாமன் சீர்த்தட்டைத் தலையில வெச்சுக்கிட்டுக் கழுத்தளவு வெள்ளத்துல வர்றாரு! வந்து சேர்றதுக்குள்ள தாலி கட்டியாச்சு. சொட்டச் சொட்ட நனைஞ்ச வேட்டியோட எப்படி உள்ள போறதுன்னு தட்டை மாட்டுக் கொட்டாயிலயே வெச்சுட்டுத் திரும்பிப் போறாரு. கடைசியில பொண்ணு காதுல மின்னுமே தோடு, அது மாப்பிள்ளை போட்டதுன்னு தானே நெனச்சோம்? மாமன் அந்தத் தட்டுல கொண்டாந்ததுங்க! எனக்குக் கண்ணுல தண்ணி. உங்க தங்கச்சி தேம்பிக்கிட்டே, "எங்கண்ணனும் அன்னைக்கு பஸ்சு நின்னுபோயி குப்பனூர் ரோட்டுல நடந்தே தானே வந்துச்சு"ன்னா. ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் சொல்றா பாருங்க!

ஊருக்கு வந்ததும் நேரா கொட்டாய்க்குப் போயி ஆபரேட்டரைப் புடிச்சேன். "ஏனுங்க மனுவேலு, எங்க மாமனை எங்கீங்க ஒளிச்சு வெச்சீங்க?"

"நல்லாக் கேட்டீங்க! கடைசி பஸ்சு ஹாரன் அடிச்சதும் 'சீக்கிரம் ஓட்டுய்யா'ன்னு மொத விசில் அடிக்கறது நீங்கதானே? பாட்டை வெட்டினாக் கொட்டாயக் கொளுத்துவீங்க, சண்டைய வெட்டினா என்னையக் கொளுத்துவீங்க. மாமன் நடந்து வர்றதைத்தானுங்க கேக்க ஆளில்ல, அதான் அந்த ரீலை வெட்டிட்டேன்."

குத்தம் நம்ம மேலதானுங்க. ஆனா சும்மா விடுவனா? டீக்கடையில நின்னு ஊருக்கே அந்த சீனை நடிச்சுக் காட்டினேன். தலையில வெச்சது டீக்கடைத் தட்டு. ஒடைஞ்சது ரெண்டு கிளாசு. இப்ப சிங்காரம்னா நொம்ப மருவாதியான பேருங்க! டீக்கடைச் சுப்பிரமணி தன் மச்சினனுக்கும் அந்தப் பேரு வேணும்னு கேக்கறான். எங்க மச்சானைத் தவுத்து ஒருத்தருக்கும் இல்லைன்னுட்டேன். நீங்க எந்நேரம் வந்து சேந்தாலும் சரி, நனைஞ்சுட்டு வந்தாலும் சரி. நீங்க வர்ற வரைக்கும் மணவறையில மாப்பிள்ளை காத்துக் கெடக்கட்டும்.

பெரியவங்க பாதத்துக்குக் கும்பிடும், சின்னதுகளுக்கு ஆசீர்வாதமும், எருமைக்குத் தூரத்திலிருந்தே ஒரு வணக்கமும் சொல்லி முடிக்கும்,
உங்கள் மச்சான்,
வா. அங்கப்பன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் மளிகைக்கடை அப்துல் ரஹீம் பாய் வந்தார். படம் வந்த புதுசில் முதல் நாளே பார்த்தவராம். சேலத்திலும் ஒரு சீனை வெட்டிவிட்டார்களாம். அந்தத் தோடே பொண்ணோட அம்மா தோடுதானாம், மாமன் எப்பவோ இரவல் வாங்கிட்டுப் போயித் திருப்பித் தராம வெச்சிருந்ததாம்! உங்க தங்கச்சிகிட்ட, "உன் கல்லுத்தோடு எங்க புள்ள?"ன்னேன். காதைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குள்ள போனவ இன்னும் வெளிய வரலை. அதனால மச்சான், அவசியம் வாங்க, சீர்த்தட்டோட வாங்க. உள்ள என்ன இருக்கும்னு எனக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சுங்க, சிங்காரம் மாமா!