நல்ல ஏசிக்கு வந்த சோதனை

ஆடிட்டரின் கார் ஏசி கெட்டுப்போகவில்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கெட்டுப்போயிருந்தால் பேசாமல் ஏதாவது ஒரு கடையில் கொண்டுபோய் விட்டிருப்பார். ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்துத்தான் மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. மனைவிக்கு ஒன்பதாம் மாதம். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆஸ்பத்திரியோ ஊரின் இன்னொரு கோடியில், வழியெல்லாம் சிக்னல். சொந்த ஊரிலிருந்து துணைக்கு யாராவது வரலாம் என்றால் விசா கிடைத்தபாடில்லை. அந்த அந்நிய தேசத்து நகரத்தில் அவளுக்கு அவர், அவருக்கு அவள், இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தக் கார்.

"வலி வர்ற அன்னிக்குப் பார்த்து ஏசி நின்னுடுச்சுன்னா?" என்றார் ஆடிட்டர்.

"இப்ப நல்லாத்தானேங்க ஓடுது?" என்றாள் மனைவி.

"நல்லா ஓடுறதுதான் திடீர்னு நிக்கும். நிக்கிறதுக்கு முன்னாடியே நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடிச்சு வெச்சுக்கணும்."

அவர் தொழில் அப்படி. ஒரு கம்பெனியில் கணக்குத் தணிக்கை. மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. அந்த வேலையை வீட்டிலும் ஓவர்டைமாகச் செய்துகொண்டிருந்தார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். லிஃப்ட் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அப்போதும், "பாத்தியா, நான் இழுத்துப் பார்த்ததாலதான் இது லூசுன்னு தெரிஞ்சுது" என்றாரே தவிர, பழக்கத்தை விடவில்லை.

ஆபீசில் விசாரித்தார். ஆளுக்கொரு கடை சொன்னார்கள். ஒருவர் சொன்ன கடையை இன்னொருவரிடம் சொன்னால், "ஐயையோ, அங்கயா? வண்டியைக் கொடுத்தா ஸ்டியரிங்கை மட்டும்தான் திருப்பிக் கொடுப்பான்" என்றார். ஆடிட்டர் அந்தக் கடையின் பெயரை அடித்துவிட்டார். கடைசியில் சகலைக்குப் போன் போட்டார்.

சகலை என்றால் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். அதே தேசத்தில், பக்கத்து நகரத்தில் வாசம்; அக்காவுக்கோ லீவே கிடைக்காத வேலை. உலகத்தில் எந்த விஷயத்தைக் கேட்டாலும் 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"இது ஒரு மேட்டரா சகலை? ஏசிக்குன்னு குட்டியா ஒரு ஃபியூஸ் இருக்கும். செவப்புக் கலர். பானட்டைத் திறந்தா ஒரு கறுப்பு டப்பா, அதுக்குள்ள. அதைப் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுக் கடைக்குப் போங்க. ஏசி ஓடலைன்னு சொல்லுங்க. 'ஃபியூஸ் இல்லை'ன்னு சொல்றவன் யோக்கியன். வேற எதையாவது சொல்றவன் திருடன். இங்க நம்ம ஆளுங்க பாதிப்பேர் இப்படித்தான் கடை பிடிக்கிறாங்க."

ஆடிட்டர் உருகிப் போனார். சோதனை என்றால் இதுவல்லவா சோதனை! இவ்வளவு அறிவுள்ள மனிதரைப் போய் இத்தனை நாள் வெட்டிப்பேச்சு என்று நினைத்துவிட்டோமே என்று வருத்தம்கூடப் பட்டார்.

முதலில் போனது பெரிய கடை. கண்ணாடி அறை, சோபா, குடிக்கத் தண்ணீர், எல்லாம் இருந்தது. அந்த ஊர்ப் பாஷையில் ஆடிட்டருக்கு உருப்படியாகத் தெரிந்தவை "எவ்வளவு?", "குறைக்க முடியாதா?" இரண்டும்தான். மீதியைக் கையாலும் காலாலும் பேசிச் சமாளிப்பார். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

பெரிய கடைக்காரர் பானட்டைத் திறந்தார். கறுப்பு டப்பாவைத் திறந்தார். மூடினார். ஆடிட்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"கம்ப்ரெசர் போச்சு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சுத்தமாப் போச்சு."

ஆடிட்டருக்கு உள்ளுக்குள் குதூகலம். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வண்டியை எடுத்தவர், அடுத்த முக்கில் நிறுத்தி ஃபியூஸைச் செருகினார். ஜில்லென்று காற்று வந்தது. வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

"தப்பிச்சோம்! அந்தாளு பக்காத் திருடன்" என்றார் மனைவியிடம்.

"அவர் என்ன திருடினாரு?"

"இன்னும் திருடலை. திருடியிருப்பான்."

இரண்டாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் சிடுமூஞ்சி. கறுப்பு டப்பாவை எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"கம்ப்ரெசர் போச்சு. டேஷ்போர்டைக் கழட்டணும். இன்ஜினைக் கீழ இறக்கணும். மாசக்கணக்கில ஆகும். வேற கடை பாருங்க."

ஆடிட்டர் வெளியே வந்து போனில் சகலையிடம் பொருமினார். "முதல் ஆளாவது பரவாயில்லை சகலை. இவன் பகல் கொள்ளைக்காரன். இன்ஜினையே இறக்கணுமாம்!"

"நான்தான் சொன்னேனே. விடாதீங்க. இன்னும் நாலு கடை பாருங்க."

அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து மேனேஜர் போனில் வந்துவிட்டார். ஏதோ கணக்கு உதைக்கிறதாம். பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்த ஆடிட்டர், பேசிக்கொண்டே சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டார். மனைவி கூடையை வாஷிங் மெஷினில் கொட்டினாள். சற்று நேரத்தில் மெஷின் 'கடகட' என்றது, 'கர்ர்' என்றது, அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. உள்ளே சோப்புத் தண்ணீர் அப்படியே நின்றது.

"என்னங்க, சட்டைப்பையில ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

ஆடிட்டருக்குப் பகீரென்றது. "சில்லறையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மெஷினிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றினார். தண்ணீர் தீர்ந்தது; ஃபியூஸ் அகப்படவில்லை. அதை மெஷின் முழுங்கிவிட்டது. நன்றாக இருந்த ஏசிக்கு இப்போது நிஜமாகவே ஃபியூஸ் இல்லை. போதாக்குறைக்கு வாஷிங் மெஷினும் இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போயாக வேண்டும். அவசரமாகப் பெட்ரோல் பங்க் கடைக்கு ஓடினார். சிவப்பு ஃபியூஸ் தீர்ந்துபோயிருந்தது. பச்சைதான் இருந்தது. உடனே போன்.

"அளவு அதேதான் சகலை. மேல போட்டிருக்கிற நம்பர்தான் மூணு மடங்கா இருக்கு."

"அப்ப மூணு மடங்கு தாங்கும்னு அர்த்தம். கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க!"

பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆடிட்டர், இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். என்ன சொல்ல!

போகும்போது ஏசி பிரமாதமாக ஓடியது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எந்த நேரமும் வலி வரலாம். உடம்பு சூடாகாம பார்த்துக்கோங்க" என்றார். "ஏசி கார்தான் டாக்டர்" என்று ஆடிட்டர் பெருமையாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் மனைவி மூக்கைச் சுளித்தாள். "ஏதோ கருகுற வாடை வருதே?"

"முன்னாடி போற லாரியா இருக்கும்."

லாரி வலது பக்கம் திரும்பிப் போயிற்று. வாடை போகவில்லை. குளிர்ந்த காற்று வெதுவெதுப்பாகி, வெதுவெதுப்பு அனலாகி, அப்புறம் காற்றே நின்றுபோனது. சரி, ஜன்னலையாவது திறக்கலாம் என்று பட்டனை அழுத்தினார். ஜன்னல் அசையவில்லை. நாலு கண்ணாடியும் அடம்பிடித்தன. டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து மெல்லியதாக ஒரு புகை எட்டிப் பார்த்தது.

மனைவியின் முகம் சிவந்துவிட்டது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கழுத்துக்கு இறங்கியது. "எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்றாள், மெதுவாக. அவள் சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மெக்கானிக் ஷாப். கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்த ஒரு அம்மாள் ஓடிவந்து, அவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் மின்விசிறிக்கு முன்னால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். அப்புறம்தான் வண்டிப் பக்கம் வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தெரியலைங்க. தானாவே..." என்று ஆரம்பித்தார் ஆடிட்டர்.

மின்விசிறிக்கு முன்னாலிருந்து மனைவி, "ம்?" என்றாள். ஒரே ஒரு 'ம்'தான். கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும், அதற்குமேல் பொய் சொல்ல முடியாது. ஆடிட்டர் கொட்டிவிட்டார். சோதனை, பாக்கெட், சட்டை, மெஷின், பச்சை ஃபியூஸ், ஒன்றுவிடாமல்.

முழுவதையும் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "நல்லா ஓடிட்டிருந்த ஏசியைக் கெடுத்துட்டு, ஏசி ரிப்பேர் பண்ண ஆள் தேடியிருக்கீங்க. என்னையும் இப்படி ஏதாவது செக் பண்ணித்தான் கட்டிக்கிட்டீங்களா?"

"சேச்சே, உன்னை நம்பித்தான்..."

"அப்ப அந்த ஒண்ணுதான் உருப்படியா நடந்திருக்கு."

கடைக்காரம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தாள். "நல்லவேளை, உண்மையைச் சொன்னீங்க. இல்லாட்டி எங்க கருகியிருக்குன்னு தேடவே ஒரு நாள் போயிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டதால அது எரியாம, வயர் எரிஞ்சிருக்கு. உருகினது பக்கத்துல ஜன்னலுக்குப் போற வயர்லயும் ஒட்டிக்கிச்சு. வேற ஒண்ணுமில்லை. கம்ப்ரெசர் சூப்பரா இருக்கு."

கம்ப்ரெசர் சூப்பராக இருக்கிறது! ஆடிட்டருக்குக் கடைக்காரம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கருகிய வயரை மாற்றி, சரியான சிவப்பு ஃபியூஸைப் போட்டு, நாலு ஜன்னலையும் இறக்கி ஏற்றிக் காட்டி, அன்று சாயங்காலமே வண்டியைக் கொடுத்துவிட்டாள். கூலியும் நியாயம். ஆடிட்டர் "குறைக்க முடியாதா?" என்று கேட்கவில்லை. அந்தப் பாஷையில் அவருக்குத் தெரிந்த இரண்டே வாக்கியங்களில் அது ஒன்று என்றாலும் கேட்கவில்லை.

அந்த வாரமே, வெயில் உச்சியில் இருக்கும்போது வலி வந்தது. சிக்னலுக்குச் சிக்னல் வண்டிகள் நகராமல் நின்றன. ரோடு கானலில் நெளிந்தது. காருக்குள் மட்டும் ஜில்லென்று இருந்தது. ஆடிட்டர் ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணை ஏசி பட்டனிலும் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"என்னங்க..."

"என்னம்மா? என்ன பண்ணுது? ஏசி வரலையா?"

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க. குளுருது."

ஆடிட்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குளிர்கிறதாம்! அவர் ஆயுசில் அதைவிட இனிப்பான புகார் கேட்டதில்லை.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நர்ஸ் வந்து சொன்னபோது ஆடிட்டர், "நிஜமாவா?" என்று ஒருமுறைதான் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய முன்னேற்றம். அப்பாடா என்று பெஞ்சில் சாய்ந்தவருக்கு, மாதக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போயிற்று.

மனைவியும் குழந்தையும் வீடு வந்து சேர்ந்தபின், ஆடிட்டர் ஒரு பெட்டி இனிப்போடு அந்தச் சின்னக் கடைக்குப் போனார். கடைக்காரம்மாள் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் உதிரிபாகம் கொண்டுவந்து போடுகிற வேன்காரர் வாசலில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பொண்ணு பொறந்திருக்கா. உங்க புண்ணியம்!" என்றார் ஆடிட்டர்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்று வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

ஆடிட்டருக்கு மனசு நிறைந்துவிட்டது. வேன்காரர் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்லயே யோக்கியமான கடை இது ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் திருட்டுப் பசங்க. நல்லா இருந்த ஏசிக்குக் கம்ப்ரெசர் போச்சுன்னு ரெண்டு கடையில கூசாம சொன்னானுங்க. ரெண்டு பேரும் ஒரே பொய்யை, வார்த்தை மாறாம!"

வண்டிக்கு அடியிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

வேன்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வர்றவங்ககிட்ட 'கம்ப்ரெசர் போச்சு'ன்னு சொல்லித் துரத்திவிட்டுடணும்னு எல்லாக் கடைக்காரங்களும் சேர்ந்து முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு சார், அவங்களும் நம்பிக்கையான கஸ்டமரைத்தானே தேடுறாங்க!"