கட்டிலடி எண்ணெய்

என் மனைவி என்னைப் பற்றி ஊரில் சொல்லி வைத்திருக்கும் குறைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிழிந்தால் கடைசியில் ஒரே ஒரு சொட்டுதான் விழும்: "அவருக்கு முன்யோசனை கிடையாது."

மழை பிடித்த பிறகுதான் குடையைத் தேடுவேனாம். காஸ் தீர்ந்த பிறகுதான் சிலிண்டர் ஞாபகம் வருமாம். கல்யாணத்தைப் பற்றிக்கூட நான் முன்கூட்டி யோசிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை அவளிடமே சொல்லும் அளவுக்கு முன்யோசனை இல்லாதவன் இல்லை நான்.

நான் வேலை பார்ப்பது கன்டெய்னர் யார்டில். உள்ளே வரும் லாரிக்கும் வெளியே போகும் லாரிக்கும் சீட்டுப் போடுவது என் வேலை. கொஞ்ச நாளாக வெளியே போகும் லாரிக்குத்தான் சீட்டுப் போட்டேன். உள்ளே எதுவும் வரவில்லை.

"என்னப்பா, உலகத்துல யாருமே எதுவும் அனுப்பறதில்லையா?" என்று கிரேன் ஓட்டுபவரைக் கேட்டேன்.

"எங்கேயோ ஒரு துறைமுகத்துல வேலைநிறுத்தம் சார். கப்பலெல்லாம் கடல்ல வரிசை கட்டி நிக்குது. சமையல் எண்ணெய்க் கப்பலும் அதுல ஒண்ணு. வீட்டுல சொல்லி ஒரு பாக்கெட் கூடுதலா வாங்கி வெச்சுக்குங்க."

வீட்டில் சொல்லியா? அதைத்தான் செய்யக் கூடாது. சொல்லாமல் வாங்க வேண்டும். ஊரே எண்ணெய்க்கு அலையும் ஒரு நாளில், அவள் காலி வாணலியோடு கண் கலங்கி நிற்கும்போது, நான் நிதானமாகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு கேனை எடுத்து நீட்ட வேண்டும். "முன்யோசனை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் நான் எடுத்த சபதம்.

அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வரும்போது ஒரு தெரு மாற்றி வந்தேன். தெருவுக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு கேன். ரெக்ஸின் பையில் போட்டு, யார் வீட்டிலோ திருடியவன் மாதிரி சுவரோரமாக நடந்து வந்தேன். என் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வையைப் பரிசோதித்துவிட்டு எனக்குப் பிறகுதான் வீடு திரும்புவாள். அப்படிப்பட்டவள் கண்ணில் மண்ணைத் தூவுகிறோமே என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை பிறந்தது.

எங்கள் வீட்டில் கூடம்தான் படுக்கையறை. படுக்கையறைதான் கூடம். கட்டிலுக்கு அடியில் முன்வரிசையில் பழைய பெட்டிகளும் ஓடாத டேபிள் ஃபேனும். அவற்றுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, மஞ்சள் கேன்கள். தூங்கப்போகும் முன் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். பெற்ற பிள்ளையைத் தட்டுவது போல இருக்கும்.

நான் எதிர்பார்த்தது போலவே தட்டுப்பாடு வந்தது. முதலில் கடைகளில் "ஒருவருக்கு ஒரு பாக்கெட்" என்று அட்டை தொங்கியது. பிறகு அட்டையும் இல்லை, பாக்கெட்டும் இல்லை. எண்ணெய் இருந்த அலமாரியில் வினிகர் பாட்டில்களை நடுவில் இடம் விட்டு விட்டு அடுக்கி, கடை நிறைந்திருப்பதாகப் பாவனை காட்டினார்கள்.

ஒரு மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"ஏங்க, எண்ணெய் அடியோட தீர்ந்துபோச்சு!"

கட்டிலை நோக்கி ஓர் அடி வைத்தேன்.

"இன்னைக்கு மளிகைக் கடைக்குக் கொஞ்சம் பாக்கெட் வந்துச்சு. அங்க வரிசையில ஒரு ஆளு. ஒரு பாக்கெட்டை வாங்கிட்டு வெளிய போறான், சட்டையை மாத்திக்கிட்டு மறுபடி வரிசையில வந்து நிக்கறான். கையும் களவுமா பிடிச்சுட்டோம்."

வைத்த அடியைத் திரும்ப எடுத்தேன்.

"பிடிச்சு?"

"நான்தான் கேட்டேன். 'நீ வீட்டுல கொண்டுபோய்ப் பதுக்கறியே, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு முட்டை பொரிக்க எண்ணெய் இல்லாம போகுமே, வெக்கமா இல்லையா?'ன்னு. அவனை விடுங்க, அவன் பொண்டாட்டியை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. எப்படி வெளியில தலை காட்டுவா?"

"எண்ணெய் தடவி வழவழன்னு காட்டுவா," என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தாள்.

"நல்லவேளை, உங்களுக்கு முன்யோசனை கிடையாது. இருந்திருந்தா நீங்களும் அப்படித்தான் பண்ணியிருப்பீங்க."

இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அன்றுதான். அதுவும் இப்படி. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டேபிள் ஃபேனைப் பார்த்தேன்.

அன்று இரவு உருளைக்கிழங்கு வேகவைத்தாள். மறுநாள் முட்டை வேகவைத்தாள். அதற்கு மறுநாள் முட்டையையும் கிழங்கையும் சேர்த்து வேகவைத்தாள். தட்டைப் பார்த்தாலே பக்கத்துப் படுக்கையில் யாரோ முனகுவது போல, ஆஸ்பத்திரி நினைவுதான் வந்தது.

"வேற வழியே இல்லையா?" என்றேன்.

"ஏன், எண்ணெயை விட்டா வேற கதியே இல்லையா நமக்கு?"

"என்னை விட்டா உனக்கு ஏதும்மா கதி?"

"நான் எண்ணெயைச் சொன்னேன். உங்களை எப்பவோ விட்டாச்சு."

இந்த நிலையில்தான் வறுவல்காரம்மா மாடியேறி வந்தாள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பொரித்து, பொட்டலம் கட்டிக் கடைகளுக்குப் போடுவாள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள், ஒரு பெரிய வாணலி. அவ்வளவுதான் அவள் குடும்பம்.

அவள் தலை வாசலில் தெரிந்ததும் நான் நாற்காலியிலிருந்து பாய்ந்து கட்டிலில் உட்கார்ந்தேன். போர்வையைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டேன். போதாததற்குக் கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க யார்டுல இருக்கீங்களே, கப்பல் எப்ப வரும்னு ஏதாவது தெரியுமா?"

"அது வந்தும்மா… சப்ளை செயின் அறுந்துபோச்சு."

"செயினா?"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அவர் சொல்ற செயின் எதுவும் வந்து சேராதும்மா. எனக்கு வாங்கித் தரேன்னு சொன்ன செயினும் நடுக்கடல்லதான் நிக்குது."

வறுவல்காரம்மா சிரிக்கவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அடுப்பை அணைச்சுப் போட்டு நாளாகுதுண்ணே. கடைக்காரங்க வேற எடத்துல வாங்கிக்கறோம்னு சொல்றாங்க. ஒரு தடவை கை மாறினா அப்புறம் திரும்பாது. வாங்கிப் போட்ட கிழங்கு வேற மூட்டையிலேயே முளை விட்டுடுச்சு."

நான் காலைப் பின்னால் இழுத்தேன். குதிகால் பெட்டி இடுக்கு வழியாக ஒரு கேனில் பட்டது. சில்லென்றிருந்தது.

"எல்லாம் சரியாயிடும்மா," என்றேன். உலகத்தில் தட்டுப்பாடே வராத சரக்கு ஆறுதல் வார்த்தை ஒன்றுதான்.

போகும்போது அவள் ஒரு பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்தாள். "கடைசியா வறுத்தது. அண்ணனுக்குப் பிடிக்குமேன்னு எடுத்து வெச்சேன்."

அதை என்னால் தின்ன முடியவில்லை என்று எழுத ஆசைதான். தின்றுவிட்டேன். கண்ணீரோடு தின்றேன் என்றாவது எழுதலாம், அதுவும் பொய். மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. முழுசும் தின்று முடித்த பிறகுதான் வெட்கம் வந்தது. காலிப் பொட்டலத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் கசக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அது அங்கே கிடந்து சரசரவென்று பேசிக்கொண்டே இருந்தது.

அப்போதே ஒரு கேனை எடுத்துப் போய்க் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். இன்று கொடுத்தால், "நேற்று ஏன் கொடுக்கவில்லை?" என்று வரும். நாளை கொடுத்தால் அந்தக் கேள்விக்கு இன்னும் ஒரு நாள் வயசாகிவிடும். இப்படியே நாள் கடத்தினேன். வெந்த கிழங்கு தொண்டையில் அடைத்தபோதெல்லாம் குற்றம் கிழங்கின் மேல்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாலை மாடிப்படி ஏறும்போது மூக்கில் ஒரு வாசனை. பொரிக்கிற வாசனை! வறுவல்காரம்மா வாசலில் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் கிடைச்சுதாம்மா?"

"ஒரு நல்ல மனசுக்காரங்க குடுத்தாங்கண்ணே. யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவங்க வீட்டு மனுஷரே வெந்ததைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காராம். இருந்தும் குடுத்தாங்க பாருங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இப்படியும் ஒரு வீடு இருக்கிறது. தன் வீட்டு மனுஷருக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எடுத்துக் கொடுக்கிற வீடு. நான் என்ன செய்கிறேன்? எட்டுக் கேனுக்கு மேலே படுத்துக்கொண்டு குறட்டை விடுகிறேன். வீட்டுக்குப் போனால் அங்கே அதைவிடக் கொடுமை. என் மனைவி கிழங்கை எல்லாம் என் தட்டிலேயே தள்ளினாள்.

"நீ சாப்பிடலியா?"

"எனக்குப் பசியில்லைங்க. நீங்க சாப்பிடுங்க."

தினமும் இதே பதில்தான். எனக்காக அவள் வயிற்றைக் காயப்போடுகிறாள் என்று நினைத்தபோது, தட்டிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் இளைக்கவே இல்லை என்பதையும் கவனித்தேன். சில பேருடைய உடம்பு வாகு அப்படி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த விடுமுறை நாள் காலையில், "மூணாவது தெருவுல ஏதோ சரக்கு வந்திருக்காம், வரிசையில நின்னு பார்த்துட்டு வரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நான் தரையில் குப்புறப் படுத்தேன். பெட்டிகளை இழுத்தேன். கேன்களை வெளியே எடுத்தேன். கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரே வந்த மேல்வீட்டுக்காரர், "என்ன சார், வீடு மாத்தறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்வதைவிட வீட்டை மாற்றுவது சுலபம் என்று அப்போது தோன்றியது.

வறுவல்காரம்மா வாசலில் எட்டுக் கேன்களும் வரிசையாக நின்றன. கதவைத் திறந்தவள் கேன்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் என்னண்ணே?"

"யார்டுல வேலை பாக்கறவங்களுக்குக் குடுத்தாங்க" என்று ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாயிலேயே கரைந்துவிட்டது.

"எண்ணெய்ம்மா. நான்தான் வாங்கிப் பதுக்கினேன். அன்னைக்கு நீ வந்து கேட்டப்ப இதுக்கு மேலதான் உட்கார்ந்திருந்தேன். உன் வறுவலையும் தின்னேன். உன் மூஞ்சியில முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு. எடுத்துக்கோ. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவளுக்கு வயித்துக்கே சரியா இல்லை, மனசும் உடைஞ்சுபோயிடும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன், எனக்கும் கண் கலங்கியது. அவள் ஒரு கேனைத் திறந்தாள். டம்ளரில் விளிம்பு வரை ஊற்றினாள். என்னிடம் நீட்டினாள்.

"முதல்ல இதைக் குடிங்கண்ணே."

எண்ணெயைக் குடிக்கச் சொல்கிறாள்! சரி, நான் செய்த காரியத்துக்கு இந்தத் தண்டனை தகும். கண்ணை இறுக மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தேன்.

தண்ணீர்.

"மூச்சு வாங்குதில்ல உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். "எல்லாக் கேன்லயும் அதுதாண்ணே. நான்தான் ரொப்பினேன். லேசாயிருந்தா தட்டிப் பார்க்கறப்பக் கண்டுபிடிச்சுடுவீங்கன்னு அக்கா சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"உள்ள வாங்க," என்றது ஒரு குரல். எனக்கு மிகவும் பழக்கமான குரல்.

மூன்றாவது தெருவில் வரிசையில் நிற்க வேண்டியவள், வறுவல்காரம்மாவின் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. தட்டில் விளிம்பு முறுகப் பொரித்த முட்டை, பக்கத்தில் ஒரு குவியல் வறுவல்.

"உனக்கு… எப்பத் தெரியும்?"

"நாற்காலி காலியா இருக்கறப்ப ஒரு மனுஷன் கட்டில்ல போய்க் காலை அகட்டிக்கிட்டு உட்கார்ந்தா, கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவளுக்குத் தெரியாதா? மறுநாள் டார்ச் அடிச்சுப் பார்த்தேன்." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "அந்த ஆளை நாலு பேருக்கு முன்னாடி வெச்சுக் கேட்ட கேள்வியெல்லாம் எனக்கே திரும்பி வந்துச்சு. கட்டிலுக்கு அடியில தலையை விட்டவ, அதை வெளிய எடுக்கவே கூசினேன்."

நான் குனிந்த தலை நிமிரவில்லை.

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே."

"நீங்களா எப்ப சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"அதுக்காக வேகவெச்சு வேகவெச்சுப் போட்டியே!"

"நாக்கு செத்தாத்தான் சில பேருக்கு மனசு முழிக்குது."

"நீ பட்டினின்னு நினைச்சு நான் எவ்வளவு…"

"நான் தினமும் வேலை விட்டு வர்றப்ப இங்கயே சாப்பிட்டுட்டுத்தான் மேல வந்தேன்."

வறுவல்காரம்மாதான் எனக்காகப் பரிந்து பேசினாள். "போதும் அக்கா. கடைசியில அண்ணன் தானாத்தானே தூக்கிட்டு வந்து குடுத்தாரு? அதுவும் பெரிசுதானே?"

என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வியர்வை வழியும் முகம், நனைந்த சட்டை, கையில் காலி டம்ளர். அவள் முகம் இளகியது. "பெரிசுதான்," என்றாள். தன் தட்டிலிருந்த முட்டையில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். கூச்சத்தோடு அதை எடுத்து வாயில் வைத்தேன். எத்தனை நாளாயிற்று! நான் அவ்வளவு மோசமானவன் இல்லையோ என்று, சின்னதாக, ஓர் ஓரமாகத் தோன்றத் தொடங்கியது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"மாடிக்குத் தண்ணி ஏத்தற மோட்டார் காலையிலிருந்து ஓடலை, அதுக்கு ஏதோ பாகம் கப்பல்ல வரணுமாம். சாப்பிட்டு முடிச்சதும் அந்த எட்டுக் கேனையும் சிந்தாம மேல கொண்டு வந்துடுங்க, நான் குளிக்கணும்."