சின்னப் பெட்டியை மூடும் அதிகாரம்

விருத்தாசலத்தில் ஒரு பொதுச் சூளை அலுவலகம். அதில் ஒரு கணினி. பொம்மையோ விளக்கோ சுடுவதற்குக் கொண்டுவருபவர்களுக்கு அது முறைச்சீட்டு அச்சிட்டுத் தரும். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் திரையின் நடுவே சின்னப் பெட்டி ஒன்று எழும்பி, மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும். கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் போய்விடும்.

அழுத்துவது யார் என்பதுதான் நிர்வாகச் சிக்கலாயிற்று.

“சரின்னு அழுத்தினா நாம ஒத்துக்கிட்டதா அர்த்தம்,” என்றார் மேற்பார்வையாளர் பாலகிருஷ்ணன். “ஒத்துக்கிற அதிகாரம் எனக்குக் கெடையாது. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்.”

மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது. வாசலில் குட்டியானை வண்டியில் மதிவதனியின் அகல் விளக்குகள் காத்திருந்தன. கார்த்திகைக்குச் செய்தவை, இன்னும் சுடாதவை. ஒரு மழை விழுந்தால் விளக்கு மறுபடி மண்ணாகிவிடும். அவள் பிடித்து வைத்திருந்த ஆர்டரும் அதோடு போகும்.

“ஏன் சார், ஒரு வெரல வெச்சி அழுத்துறதுக்கு மேலிடமா?”

“வெரல் என்னுதும்மா. பொறுப்பு யாருது?”

கணினி இயக்கும் வளன் ஒரு வழி சொன்னார். ஸ்கிரிப்ட் என்று கணினிக்கு நாலு வரிக் கட்டளை எழுதிவைத்தால், அது பின்னால் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தலைப்பில் பெட்டி வந்தால் தானே மூடிவிடும்.

“அப்ப சரின்னு சொன்னது யாரு?”

“யாரும் இல்ல சார். அதுவே மூடிக்கும்.”

“ஆடிட்ல கேட்டா?”

“யாரும் அழுத்தலைன்னு சொல்லலாம் சார். உண்மையும் அதான்.”

பாலகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார். பொறுப்பில்லாமல் வேலை நடப்பதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அது தானாகவே நடக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

சீட்டுகள் வந்தன. வரிசை நகர்ந்தது. சாருக்கும் ருசி கண்டுவிட்டது.

“வளன், நினைவூட்டல்னு ஒன்னு வருதே, அதையும் சேத்துக்க. புகார்னு வருதே, அதையும்.” பிறகு, “தலைப்பெல்லாம் எதுக்கு? சின்னதா எது வந்தாலும் மூடட்டும்.”

வளன் உத்தரவை எழுத்தில் கேட்டார். எழுத்தில் கேட்கக்கூடாது என்று எழுத்தில் வந்தது.

மதிவதனியின் முறை வந்தது. ‘அச்சிடலாமா?’ என்று கேட்பதும் ஒரு சின்னப் பெட்டிதான். கேட்டு முடிப்பதற்குள் மூடிக்கொண்டது. சீட்டு வரவில்லை.

“சார், ஸ்கிரிப்ட நிறுத்திடவா?”

“நிறுத்தினா, நிறுத்தினது யாருன்னு வரும். மேலிடத்துக்கு எழுதுவோம்.”

எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. தூறல் போட்டுச் சொல்லிவிட்டு வரும் மழையல்ல. மதிவதனி ஓடிப் போய்த் தார்ப்பாயைத் தேடி இழுப்பதற்குள் விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே விளக்காகிவிட்டன.

அவள் அதில் ஒரு கை அள்ளிவந்து மேற்பார்வையாளரின் மேஜைமேல் வைத்தாள்.

“இந்தாங்க சார். சின்னதாத்தான் இருக்குது. இதையும் மூடச் சொல்லுங்க.”

வளன் மெதுவாக ஆரம்பித்தார்: “கொஞ்சம் முன்ன செவப்பா ஒன்னு வந்துச்சிக்கா. மழை எச்சரிக்கையா இருக்கும். படிக்கிறதுக்குள்ள மூடிக்கிச்சி.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா தார்ப்பாய் போட்டிருப்பனே தம்பி.”

பாலகிருஷ்ணனுக்குப் பிடி கிடைத்தது. “ஏம்மா, அது எல்லாருக்கும் வர்றது. ஒங்க போனுலயும் அலறியிருக்குமே?”

அலறியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த வீடியோவை மறைக்கிறதே என்று கட்டைவிரலால் தள்ளிவிட்டிருந்தாள். அவள் பின்னால் திரும்பினாள். வரிசையில் இருந்தவர்கள் அவரவர் போனைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் வந்திருந்தது, ஒருவரும் படித்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எல்லாப் போன்களும் ஒன்றாக மறுபடி அலறின. திரையை மறைத்துக்கொண்டு ஏதோ ஒரு பெட்டி.

மேற்பார்வையாளருடையது உட்பட அங்கிருந்த கட்டைவிரல்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தம் கடமையைச் செய்தன. அதற்கு ஸ்கிரிப்டும் தேவைப்படவில்லை, மேலிடத்து அனுமதியும் தேவைப்படவில்லை.