ஹோஷிமுரா கம்பெனியின் தாகேதா வாரிசு

ஆட்டம் ஆடுகிறவர்கள் ஓர் இனம். ஆட்டத்தைச் செய்து விற்ற கம்பெனியின் பூர்வோத்திரம் சொல்கிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தால் உலகத்துக்குக் கெடுதல் இல்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது இனம் உங்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிடும்.

யாங்கோனில் இந்த இனத்துக்குத் தலைசிறந்த மாதிரி தாகேதா ரமணன். வேலை துறைமுகத்துச் சரக்கு ஆபீசில். உயிர் ஜப்பானில், ஹோஷிமுரா என்கிற வீடியோ கேம் கம்பெனியில். டீக்கடையில் நீங்கள் தெரியாத்தனமாக ஃபோனில் ஏதாவது ஆடிவிட்டால் போதும். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒசாகாவில் குடை தைத்துக்கொண்டிருந்த தாகேதா குடும்பம் மழை பொய்த்த வருஷத்தில் பொம்மைக்கு மாறி, பொம்மை விற்காமல் காசு போட்டு ஆடும் பெட்டிக்கு மாறி, குடை பிடித்துக் குதிக்கும் வீரனைப் படைத்து உலகத்தையே வளைத்துப்போட்டு, பிறகு மூத்த மருமகன் பேச்சைக் கேட்டு இன்னொரு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து குட்டிச்சுவராகிப்போன கதையை, உங்கள் டீ ஆறி ஆடை கட்டும்வரை சொல்வார். "அங்கதான் நாம தப்புப் பண்ணிட்டோம்" என்பார். நாமா? ஆமாம், நாம்தான். தாகேதா என்கிற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

ஆடியிருக்கிறாரா? அதை யாரும் கேட்டதில்லை. பூசாரியிடம் போய், சாமியைப் பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்பார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வினை பக்கத்து ஊர் மாவ்பியிலிருந்து வந்தது. மனைவி ராஜியின் அண்ணன் சுந்தர், காய்கறி வியாபாரி, மனைவியோடு சாப்பிட வந்தவர், எங்கோ பழசாக வாங்கிய கேம் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிறந்த வீட்டில் ராஜி அடித்துவைத்திருந்த தம்பட்டம் அப்படி: என் வீட்டுக்காரர் ஆட உட்கார்ந்தால் ஜப்பான்காரனே எழுந்து நிற்பான்!

"மாப்ளே, உங்க ஹோஷிமுரா ஆட்டந்தான். குடைக்காரன். ஆடிக் காட்டுங்க, பார்ப்போம்."

ரமணன் கடிகாரத்தைப் பார்த்தார். தன் மானம் கிடக்கட்டும். அண்ணன், அண்ணி முன்னால் ராஜி தலைகுனிந்து நிற்பாளே! ஆனால் மனிதர் யாங்கோன்வாசி. இங்கே கரண்ட், பர்மியப் பேச்சில் 'மீ', முறைவைத்து வரும், முறைவைத்துப் போகும். அன்றைய முறைப்படி மூன்று மணிக்குப் போயாக வேண்டும். அதுவரை பேசினால் போதும். பேச்சா அவருக்குக் கஷ்டம்?

"ஆடலாம் மச்சான். வரலாறு தெரியாம ஆடினா ருசிக்காது" என்று, கம்பெனி தொடங்கியவரின் தாத்தாவிலிருந்து பிடித்தார். குடைக் கம்பிக்கே அரை மணி ஆயிற்று. கூட்டுச் சேர்ந்த கட்டத்தில் சுந்தர் கொட்டாவி விட்டார். மருமகன் சூழ்ச்சியில் அண்ணி தூங்கியே போனாள். மூன்று அடித்தது. மின்விசிறி சுற்றியது. மூன்றரை. இன்னும் சுற்றியது. "இன்னிக்கு மீ போகலையே!" என்று தெருவெல்லாம் ஒரே கொண்டாட்டம். ஊரே வருஷக்கணக்காக வேண்டிக்கொண்ட வரத்தைத் தெய்வம் அன்றைக்கென்று பார்த்துக் கொடுத்தது. கரண்ட் போகட்டும் என்று வேண்டிய ஒரே பக்தரைக் கைவிட்டது.

வேறு வழி? ஆடினார். குடைக்காரன் நாலடி நடந்து முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி வந்தான், மறுபடி விழுந்தான். அண்ணி விழித்துக்கொண்டாள்.

"மாப்ளே, குதிக்கிற பொத்தான் எது?" என்றார் சுந்தர்.

"அந்தப் பொத்தானை அங்க வெச்சது யாருன்னு தெரியுமா மச்சான்? அது ஒரு பெரிய கதை..."

சுந்தரின் உதடு துடித்தது. சிரிப்பு வெடிக்கப்போகிற நேரம், திரை கறுத்தது. மின்விசிறி நின்றது.

"மீ போயிடுச்சு அண்ணே" என்றாள் ராஜி, மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றபடி.

பக்கத்து வீட்டு டிவி அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. சுந்தர் அந்தப் பாட்டைக் கொஞ்சம் கேட்டார். தங்கை முகத்தைப் பார்த்தார். "ஆமா, போயிடுச்சு" என்றார். ரமணனுக்கு எழுந்துபோய் ராஜியைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பந்தைக் காலால் தொடாமல் கால்பந்துச் சங்கத்தின் சரித்திரம் சொல்கிறவர் நீங்கள் இல்லை. அடுப்புப் பக்கமே போகாமல் மோஹிங்காவின் பக்குவம் சொல்கிறவரும் நீங்கள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். இதை எழுதுகிறவனும் அந்தக் குடைக்காரனைக் கண்ணால் கண்டதில்லை. ரமணன் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும், அடுத்த தடவை விருந்தாளிகள் முன்னால் "அது ஒரு பெரிய கதை" என்று நீங்கள் ஆரம்பிக்கும்போது, உங்கள் வீட்டில் யாராவது சுவிட்ச் பக்கம் எழுந்து போகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.