நிழலில் வளர்த்த பச்சை

பெண்டாட்டியிடம் சவால் விட்டு ஜெயித்த ஆம்பிளை இந்த நகரி ஊரில் ஒருத்தனாவது இருக்க வேண்டாமா? அந்த ஒருத்தன் நான்தான் என்று போன மாசம் முடிவு பண்ணினேன். கமலக்கண்ணன் முடிவு பண்ணினால் பண்ணினதுதான். வீட்டுக்கு வெளியே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழே என் மீன் தொட்டி. அந்த இடம் தன் தையல் மெஷினுக்கு வேண்டும் என்று என் மனைவி ஸ்வர்ணலதா இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். வெளிச்சம் இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். எனக்கோ தொட்டிதான் உயிர். பகல் பூரா பவர்லூம் ஷெட்டில் எட்டுத் தறி சத்தம். வீட்டுக்கு வந்தால், வாயைத் திறந்தாலும் சத்தம் வராத ஜீவன்கள் அந்த மீன்கள் மட்டும்தான். என்னையும் சேர்த்துக்கொண்டால் ஒன்று கூடும்.

அன்றைக்கு என் தங்கமீன் முட்டைகள் மூன்றாவது தடவையாகப் பொரித்தன. குஞ்சுகளைத் தனியாக ஒரு பேசினில் விட்டேன். முதல் இரண்டு தடவையும் ஒரே வாரத்தில் அத்தனையும் செத்துப்போச்சு. சத்தியமாய்ச் சொல்கிறேன், இரண்டாம் தடவை எனக்கு சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை விடக்கூடாது என்று திருப்பதியில் மீன் கடை வைத்திருக்கும், தெலுங்கு கலந்து பேசும் சிட்டிபாபுவுக்குப் போன் போட்டேன்.

"குஞ்சுக்குப் பச்சைத் தண்ணி வேணும் அன்னா. பாசி வளர்ந்து தண்ணியே பச்சையா மாறணும். அதை தினம் ஒரு டம்ளர் ஊத்து, குஞ்சு பொழச்சுக்கும். வீட்லயே பண்ணலாம், ஏம் பரவாலேது, ஒண்ணும் கஷ்டமில்ல. முதல்ல நீ இன்னா பண்ணணும்னா..."

"போதும் போதும், மீதி எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டேன். பச்சையைப் பற்றி எனக்கே பாடமா? இருபது வருஷமாகக் கலர் நூலில் புரள்கிறவன் நான்.

காலி பாட்டில்களை வரிசையாகக் கழுவி வைத்தேன். ஸ்வர்ணலதா வந்தாள்.

"இன்னாங்க இத்தனை பாட்டிலு? ஊறுகா போடப் போறீங்களா?"

"பச்சைத் தண்ணி வளக்கப் போறேன்."

"தண்ணியை வளக்கறீங்களா! ரெண்டு புள்ளைங்களை வளக்க சொல்லோ எங்க போயிருந்தீங்க?"

"பாத்துக்கினே இரு. பத்தே நாள்ல பச்சைப் பசேல்னு நிக்கும்."

"நிக்கலன்னா?"

"ஜன்னல் உனுக்கு. தொட்டி மாடிக்கு. நின்னுச்சுன்னா, மெஷின் பேச்சே இந்த வூட்ல எடுக்கக்கூடாது."

"சரி" என்றாள். ஸ்வர்ணலதா இதுவரை எதற்குமே ஒரே வார்த்தையில் சரி சொன்னதில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேலையில் இறங்கினேன். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று கடையில் கேன் தண்ணீர் வாங்கினேன். அதையும் காய்ச்சி ஆற வைத்தேன். அடுத்ததுதான் என் தொழில் ரகசியம். சாயம் போட்ட நூலை நாங்கள் நிழலில்தான் காயப்போடுவோம். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். நூலுக்கே அப்படியென்றால் தண்ணீருக்கு? பாட்டில்களை மாடிப்படிக்குக் கீழே இருட்டில் அடுக்கி, மேலே இரண்டு கோணிப்பை போட்டு மூடினேன்.

"வெயில்ல வெக்க வேணாமா?" என்றாள்.

"சாயப்பட்டறை வூட்ல பொறந்தவ நீ. பச்சையைப் போய் யாரானா வெயில்ல வெப்பாங்களா? வெளுத்துடும்."

"அதானே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். இருமல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கோணியைத் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. ஆறாம் நாள் இன்னும் தெளிவு. எட்டாம் நாள் ஒரு வாய் குடித்தே பார்த்தேன். நல்ல ருசி.

ஆனால் குஞ்சுகள் மட்டும் ஜம்மென்று வளர்ந்தன. காலையில் ஷெட்டுக்குப் போகும் முன் முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து நாலு சொட்டு விடுவேன். அவ்வளவுதான். ஒன்றுகூடச் சாகவில்லை.

"குஞ்சுங்க ஷோக்கா கீதுங்க" என்றாள் அவள்.

"கைராசி லதா, கைராசி!"

"ஆமாமா. கைராசி இல்லாம வேற இன்னா?"

ஒன்பதாம் நாள் சாயங்காலம் எனக்கு வியர்த்தது. விடிந்தால் கெடு. ஷெட்டு அலமாரியில் மிச்சமிருந்த கிளிப்பச்சைச் சாயப் பொட்டலம் கண்ணில் பட்டது. நல்ல மூளை சும்மா இருக்குமா? பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை போட்டேன். காட்டுவது, ஜெயிப்பது, கீழே கொட்டிவிட்டு நிதானமாக நிஜப் பாசி வளர்ப்பது. குஞ்சுகளுக்கு ஒரு சொட்டுக்கூட விடுவதாக இல்லை. நான் சவாலில் ஏமாற்றுவேனே தவிர கொலைகாரன் இல்லை.

பத்தாம் நாள் காலை கோணியை விலக்கினேன்.

"பாத்தியா! எப்படி நிக்குது?"

ஸ்வர்ணலதா குனிந்து பார்த்தாள். உள்ளே போய் வெள்ளைப் பருத்தி நூல் நாலு இழை கொண்டுவந்தாள். பாட்டிலுக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்துக் குழாயில் அலசினாள். நாலு இழையும் கிளிப்பச்சை.

"பாசி நூல்ல ஏறுமாங்க?"

"நல்ல பாசின்னா ஏறும்."

"அலசினாக்கூட போவலியே. எந்தப் பொட்டலம், ஷெட்டு அலமாரியில இருந்ததா?"

அவள் என் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். நட்டநடு வெயிலில் ஒரு பழைய பெயிண்ட் பக்கெட். உள்ளே கையை விட்டால் விரல் தெரியாத அளவுக்குப் பச்சைத் தண்ணீர்.

"ஞாயித்துக்கெழமை தொட்டியில இருந்து அழுக்குத் தண்ணி எடுத்துக் கொட்டுவீங்களே, அதான். வெயில்ல வெச்சேன். நாலு நாள்ல இப்படி ஆயிடுச்சி."

"உனுக்கு யாரு சொன்னாங்க?"

"சிட்டிபாபுதான். அன்னா முழுசா கேக்காம வெச்சிட்டாருன்னு அன்னிக்கே திருப்பிப் போன் பண்ணாரு. நீங்க பாட்டில் கழுவிக்கினு இருந்தீங்க."

"அப்போ... குஞ்சுங்க?"

"நீங்க ஷெட்டுக்குப் போனதும் தினம் ஒரு டம்ளர் ஊத்துவேன். போன தடவை நீங்க துன்னாம கெடந்தீங்க. எனுக்குப் பாக்க முடியல."

அழுதிருப்பேன். அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது.

"லதா! பத்து நாள்ல இந்த வூட்ல பச்சைத் தண்ணி நின்னுச்சா, இல்லியா? நின்னுச்சு. அப்போ ஜெயிச்சது நானு!"

"ஆமா, நீங்கதான். முதல்ல கீழ வந்து தொட்டியை அந்தப் பக்கம் புடிங்க, மேல தூக்கணும்."

பிடித்தேன். மத்தியானத்துக்குள் தொட்டி மாடியில் கூரை போட்ட மூலைக்குப் போனது. மெஷின் ஜன்னலுக்கு வந்தது. பேசினில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. அதில் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். பாட்டில் தண்ணீரைக் கொட்டலாம் என்று தேடினேன். ஒரு பாட்டிலும் இல்லை.

"வீணாக்க மனசு வரலீங்க. உப்பு போட்டுக் கொதிக்க வெச்சு வேலையை முடிச்சிட்டேன்" என்றாள்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து பனியனைத் தேடினேன். மாடிப்படிக்குக் கீழே, இருட்டில், என் ஆறு வெள்ளைப் பனியன்களும் கிளிப்பச்சையாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"வெயில்ல போட்டா வெளுத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றாள் ஸ்வர்ணலதா, ஜன்னல் வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே.